படிக்கிற மிஷின்

பஞ்சாட்சரத்தின் குடோனில் உட்கார்ந்து செய்கிற வேலை எதுவானாலும் திலகாவுக்கு அங்கே ஓர் இடம் உண்டு. மாசியில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவார்கள். பங்குனி, சித்திரையில் புளி தட்டிக் கொட்டை எடுப்பார்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைப்பு. காலனியிலிருந்து போகிற பெண்கள் சாக்கை விரித்து வட்டமாக உட்கார்ந்துகொள்ள, திலகா தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மாத நாவலைப் பிரித்துச் சத்தமாகப் படிப்பாள். திருப்புலிவனத்தைச் சுற்றி வேறெங்கும் இப்படி ஒரு வழக்கம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மெஷினில் போட்டு உடைத்தால் பருப்பு இரண்டாகப் பிளந்துபோகும், முளைக்காது. ஆகவே விதைக்கு எப்போதும் கை உடைப்புதான். காலையில் காய் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, கட்டைவிரலால் காயின் மூக்கை அழுத்தி உடைக்க வேண்டும். மதியத்துக்குள் நகக்கண் எரிய ஆரம்பித்துவிடும். பேசிக்கொண்டே உடைத்தால் பேச்சு எங்காவது போய்ச் சண்டையில் முடியும். கதை என்றால் கை தானாக ஓடும். இதைக் கண்டுபிடித்தவர்கள் அந்தப் பெண்கள்தான், முதலாளி இல்லை. சாயங்காலம் பருப்பை அளந்து கொடுத்துக் கூலிக்காய் வாங்கும்போது ஒவ்வொருத்தியும் தன் பங்கிலிருந்து ஒரு கை அள்ளித் திலகாவின் முறத்தில் போடுவாள். போடு என்று யாரும் சொல்வதில்லை. போடாமல் போனவளும் இல்லை.

திலகாவின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். மற்றதைக் கதிரடிக்கிற மெஷின் வாங்கிக்கொண்டது. நடவுக்குப் போக முடியாது, களை பிடுங்க முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் வீட்டுக்குள் சுருண்டு கிடந்ததைப் பார்த்துச் சிட்டம்மாள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சிட்டம்மாள் அந்த வட்டத்துக்கு மேஸ்திரி மாதிரி. கைநாட்டு. ஆனால் கதை என்றால் சோறு வேண்டாம் என்பாள். "நீ எட்டாவது வரிக்கும் படிச்சவ தானே, குந்திக்கினு படி. உன் வவுத்துக்கு நாங்க ஆச்சி" என்றாள் அன்றைக்கு. அப்படி உட்கார்ந்தவள்தான் திலகா.

இப்போது சொல்லப்போவது இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் நடந்தது. அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அப்போது திலகாவால் ஓர் எழுத்துகூடப் படிக்க முடியாது.

கண் மொத்தமாகப் போய்விடவில்லை. நடப்பாள், அரிசியைத் தடவிக் கல் பொறுக்குவாள், வருகிறவர் யார் என்று நடையை வைத்துச் சொல்லிவிடுவாள். எதை நேராகப் பார்க்கிறாளோ அது மட்டும் தெரியாது. நடுவில் ஒரு புகை நிற்கும், ஓரமெல்லாம் தெளிவாக இருக்கும். காஞ்சிபுரத்தில் கண் முகாமுக்கு அழைத்துப் போனது புருஷன் அருள்தாஸ். இது நரம்புக் கோளாறு, கண்ணாடிக்கு அடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிற மனுஷன், திரும்பி வருகிற பஸ்ஸில் முண்டாசுத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். திலகா அழவில்லை. மறுநாள் வழக்கம்போலக் குடோனுக்குப் போய்ப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வாய்க்கு வந்த கதையைச் சொன்னாள்.

அன்றிலிருந்து அப்படித்தான். அருள்தாஸ் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் மாத நாவல் வாங்கி வருவார். அட்டையில் என்ன படம், என்ன பெயர் என்று சொல்லிவிடுவார். மற்றதைத் திலகா பார்த்துக்கொள்வாள். பக்கம் புரட்ட வேண்டிய இடத்தில் புரட்டுவாள். ஏமாற்றுகிறோமே என்ற உறுத்தல் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கை காய் முறத்தில் விழும்போதும் அது அவளைக் குத்தியது. ஆனாலும் உண்மையைச் சொன்னால் அந்தத் தூணடியை விட்டு எழுந்து வர வேண்டியிருக்கும். விரல் போன கையோடு வீட்டில் சுருண்டு கிடந்த நாட்களுக்குத் திரும்பப் போவதை அவளால் நினைக்கவே முடியவில்லை. மகன் வசந்த்குமாரிடம் கூடச் சொல்ல வேண்டாம் என்று புருஷனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

வசந்த்குமார் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். கம்பெனி பஸ் உத்திரமேரூரிலிருந்தே ஏற்றிக்கொண்டு போகும். நல்ல பையன், கொஞ்சம் அவசரக்காரன். அம்மா புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் பிடிப்பதையும் தலையைச் சாய்த்துப் பார்ப்பதையும் கவனித்தவன், எழுத்து சின்னதாக இருப்பதுதான் குறை என்று முடிவு கட்டிவிட்டான். அவனுடைய சூப்பர்வைசர் சிங்கப்பூர் போய் வருகிறவர். புத்தகம் படிக்கிற மிஷின் இரண்டு வைத்திருந்தார். ஒன்றைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றிருந்தவர், "ரெண்டையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போப்பா. எது உங்க வீட்டுக்கு ஒத்துவருதோ அதை வச்சிக்கோ" என்று கொடுத்தனுப்பினார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. வசந்த்குமார் பையிலிருந்து இரண்டையும் எடுத்துப் பாயில் வைத்தான். ஒன்று பள்ளிக்கூடச் சிலேட்டு அளவு. இன்னொன்று உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது.

"டிவியா இது?" என்றார் அருள்தாஸ்.

"இல்ல நைனா. பொஸ்தகம். ஆயிரம் பொஸ்தகம் உள்ள வைக்கலாம். கண்ணு கூசாது, காயிதம் மாதிரியே இருக்கும். எய்த்த எம்மாம் பெருசா வோணாலும் வச்சிக்கலாம்."

"லைட்டு எரியலியே."

"எரியாது. வெளிச்சத்துல வச்சித்தான் படிக்கணும். அத்தொட்டுத்தான் சார்ஜ் வாரக்கணக்குல நிக்குது."

"கரெண்ட்டு போச்சின்னா?"

"நம்ம பொஸ்தகமும் கரெண்ட்டு போச்சின்னா தெரியாது தானே நைனா. குடோன்ல பகல்ல தானே படிக்கிறாங்க."

மருமகள் பாக்கியமேரி பெரியதைக் கையில் எடுத்தாள். போன வருஷம் ஆவணியில்தான் பெருநகர் என்கிற பக்கத்து ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். ப்ளஸ் டூ முடித்து டீச்சர் டிரெயினிங்கும் படித்துவிட்டு, சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதத் தயார் செய்துகொண்டிருந்தாள். கேள்வித்தாள்களை ஜெராக்ஸ் எடுத்து எடுத்தே அவள் பெட்டி நிறைந்துபோயிருந்தது.

"இதுல ஏ ஃபோர் பேப்பர் அப்படியே முழுசா தெரியுமா?" என்று கேட்டாள்.

"அப்படியே தெரியும். உன் நோட்ஸு மொத்தமும் இதுல போட்டுடலாம். அதான் சொல்றேன், பெருசு எடுத்தா உனக்கும் ஆச்சி, அம்மாவுக்கும் ஆச்சி. சின்னதுல பக்கம் துண்டு துண்டா வரும். ஆனா அதுல பாட்டு கேக்கலாம், பக்கத்துல ஒரு ஓட்ட கீது பாரு, ஒயரு மாட்டுறதுக்கு. நமக்கு எதுக்குப் பாட்டு."

பாக்கியமேரி பெரியதை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் சந்தோஷம் வெளிப்படையாகத் தெரிந்தது. கேட்டு வாங்கிப் பழக்கமில்லாத பெண்.

"தமிழ் எய்த்து வருமாடா?" என்றாள் திலகா. குரலில் ஓர் ஆசை இருந்தது. வராது என்று அவன் சொல்லிவிட மாட்டானா என்கிற ஆசை.

"சும்மா போட்டா கட்டம் கட்டமாத்தான் வரும்மா. பஸ் ஸ்டாண்டுல கல்யாணப் பத்திரிக அடிக்கிற கடைல நம்ம பையன் ஒருத்தன் கீறான். அவன் கம்ப்யூட்டர்ல எய்த்தப் பெருசாக்கிப் பக்கமாவே செஞ்சி குடுத்துட்டான். ரெண்டுலயும் ஒரு கத ஏத்தியாந்துகீறேன். இந்தா, படி. பாக்கலாம்."

அவன் பெரியதை மனைவி மடியிலிருந்து எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தான். அருள்தாஸ் எழுந்து நின்றார்.

"சாப்ட்டுட்டுப் படிக்கட்டும்டா. கொயம்பு ஆறிப்பூடும்."

"ஒரு வரி நைனா. எது தோதுன்னு தெரியணும்ல. நாளைக்கி ஒண்ண திருப்பிக் குடுக்கணும்."

திலகா அதை இடது கையில் தாங்கினாள். சாம்பல் நிறத்தில் ஒரு பலகை. நடுவில் புகை. ஓரத்தில் கறுப்பாக ஏதோ ஓடியது. அதைப் பிடிக்கக் கண்ணைத் திருப்பினால் புகையும் கூடவே வந்தது. வாசலில் ஓடு வழியே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மகன் எதிரில் குந்தி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். "சந்தைக்குப் போன மாடு திரும்பி வந்து வாசலில் நின்றது. அதன் கயிற்றை அவிழ்த்துவிட்டவர் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை."

"பாத்தியா நைனா. கடகடன்னு வருது" என்றான் வசந்த்குமார்.

பாக்கியமேரி அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அத்தையின் தோள் வழியாக மிஷின் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கொட்டைக் கொட்டையான எழுத்து. வைத்தியர் வந்து நோயாளியின் நாடி பிடித்துப் பார்க்கிற கதை அது. மாடும் இல்லை, சந்தையும் இல்லை.

அவளுக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. கல்யாணமான புதிதில் வீட்டில் கிடந்த மாத நாவலை எடுத்துப் படித்திருக்கிறாள். ஊட்டி பங்களாவில் ஒரு கொலை. அதே வாரம் அத்தை குடோனில் படித்ததோ தாம்பரத்தில் தனியாக மெஸ் நடத்துகிற ஒரு பொம்பளையின் கதை. சிட்டம்மாள் அந்தக் கதையை வந்து சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். வேறு புத்தகமாக இருக்கும் என்று அப்போது பாக்கியமேரி விட்டுவிட்டாள். இப்போது புரிந்துவிட்டது. புரிந்ததும் அவளுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாள் இதை இவள் ஒற்றை ஆளாகச் சுமந்திருக்கிறாளே என்றுதான் தோன்றியது.

"எனக்குச் சின்னதே போதும்" என்றாள் திலகா, பெரியதைக் கீழே வைத்துவிட்டு.

"இன்னாம்மா பேசற? கண்ணு தெரியலன்னு பொஸ்தகத்த மூஞ்சிமேல வச்சிக்கினு படிக்கிற. எய்த்து பெருசா வோணும்னுதான் இதையே எடுத்தாந்தேன்."

"பெருசுன்னா கனக்குது. என் கையப் பாத்த இல்ல."

"மடியில வச்சிக்கோ."

"அம்மாம் பெரிய எய்த்தா இருந்தா சுத்திக் குந்தினு கீறவங்களுக்கெல்லாம் தெரியும். அப்பறம் நான் எதுக்கு அங்க? சிட்டம்மா மருமவ சௌமியா வேற இப்ப வேலைக்கி வருது. பத்தாவது பாஸு. எம் பக்கத்துலயேதான் குந்துது."

"அவ படிச்சா படிக்கட்டுமே. உன் வேலையா பூடுது?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே அந்தச் சொல் தப்பு என்று தோன்றியது. அருள்தாஸ் சட்டென்று, "இது ஒண்ணுமே வாணாம்டா. ரெண்டியும் குடுத்துடு. பேஜாரு" என்றார். வசந்த்குமாருக்குக் கோபம் வந்துவிட்டது. ஓவர் டைம் பார்த்துக் காசு சேர்த்தது, ஆசையாகக் கொண்டுவந்தது, யாருக்கும் ஒரு நல்ல வார்த்தை இல்லை. "என்னான்னாவது சொல்லித் தொலைங்க. நான் யாருக்காகத் தூக்கினு வந்தேன்" என்று கத்தினான்.

"சின்னதே இருக்கட்டும்" என்றாள் பாக்கியமேரி.

வசந்த்குமார் அவளைத் திரும்பிப் பார்த்தான். "உனக்குப் பரிட்ச இல்ல?"

"நான் ஜெராக்ஸுலயே படிச்சிக்கிறேன். அத்தைக்கு எது தோதோ அதான் எடுக்கணும். இதுல காதுக்கு ஒயர் மாட்டலாம்னு சொன்னீங்களே."

"அது பாட்டு கேக்கறதுக்கு. அம்மா இன்னா பாட்டா கேக்கப் போறாங்க?"

"இருக்கட்டும்" என்றாள் அவள். வேறொன்றும் சொல்லவில்லை. பெரிய மிஷினை முந்தானையால் ஒருமுறை துடைத்து அதன் உறைக்குள் போட்டுக் கணவனிடம் கொடுத்தாள். கொடுக்கிறபோது கை கொஞ்சம் தயங்கியதை அருள்தாஸ் பார்த்தார். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

அந்த வாரம் பாக்கியமேரி உத்திரமேரூரில் அந்தக் கல்யாணப் பத்திரிகைக் கடைக்கு அடிக்கடி போய் வந்தாள். புருஷன் நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்கும்போது அவன் செல்போனை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் மோட்டார் கொட்டகைக்குப் போனாள். கேட்டால் பாடம் மனப்பாடம் செய்வதாகச் சொன்னாள். திலகா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவளுக்கு வேறு கவலை. மிஷின் வந்த சேதியை வசந்த்குமார் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். "எப்போ எடுத்தாரே?" என்று சிட்டம்மாள் வழி மறித்துக் கேட்கிறாள். புத்தகம் என்றால் சௌமியாவுக்குத் தெரியாமல் மார்போடு சாய்த்துப் பிடிக்கலாம். இதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்பார்கள். பார்த்தால் எழுத்து தெரியும். எழுத்து தெரிந்தால் அவள் சொல்வது அதில் இல்லை என்றும் தெரிந்துவிடும்.

"சொல்லிடேன் திலகா" என்றார் அருள்தாஸ். "கண்ணு பூட்ச்சின்னு சொல்லு. அவங்க இன்னா கொன்னா போட்ருவாங்க?"

"கண்ணு போனத சொல்லலாம்யா. எப்போ போச்சின்னு கேப்பாங்க இல்ல. அப்போ இன்னா சொல்லுவேன்? இத்தினி நாளா உங்க வவுத்துலேர்ந்து எடுத்துத் துன்னேன்னு சொல்றதா?"

அவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே போய் மழைச்சாரலில் நின்றார்.

அடுத்த திங்கட்கிழமை திலகா மிஷினோடு குடோனுக்குப் புறப்பட்டாள். கேழ்வரகுக் கூழும் சுட்ட மிளகாயும் சாப்பிட உட்கார்ந்தவளுக்கு அது இறங்கவில்லை. பாக்கியமேரி மிஷினைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். கறுப்பு ஒயரைத் திலகாவின் முதுகுப் பக்கமாக விட்டு, முந்தானைக்கு உள்ளேயே கொண்டுவந்து இடது காதில் மாட்டி, மேலே முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"இது எதுக்குடி எனக்கு?"

"பக்கம் முடியறப்ப இதுல தெரியும் அத்த. காதுலேர்ந்து கழட்டிடாதீங்க. உக்காந்த உடனே இந்தப் பொத்தான அமுக்குங்க. தடவிப் பாருங்க, ஒரு புள்ளி மாதிரி இருக்கும். பக்கம் திருப்பறதுக்கு அதுக்குக் கீழ, நீளமா இருக்கறது."

தடவிப் பாருங்க என்று அவள் சொன்னதைத் திலகா கவனிக்கவில்லை. அவ்வளவு பயத்தில் இருந்தாள். இன்றைக்குத்தான் கடைசி என்று மனசுக்குள் தீர்மானம் செய்துகொண்டுதான் தெருவில் இறங்கினாள். கேட்கிற வரைக்கும் சொல்வோம், கேட்டால் ஒப்புக்கொண்டு வந்துவிடுவோம்.

குடோனில் ஊறிய காயின் மண்வாசனை நிறைந்திருந்தது. மழைக்குக் கதவை ஒருபக்கம் சாத்தியிருந்தார்கள். திலகா ஒயர் முனையைப் பிடுங்கி முந்தானைக்குள் விட்டுக்கொண்டு கொடுத்த மிஷின் கை மாறிக் கை மாறிச் சுற்றி வந்தது. ஒருத்தி முகர்ந்துகூடப் பார்த்தாள். சௌமியா வாங்கிப் பார்த்துவிட்டு, "எய்த்து நல்லா தெரியுது அத்தே" என்று மாமியாரிடம் சொன்னாள். சிட்டம்மாள் எல்லோரையும் அதட்டினாள்.

"போதும், குந்துங்க எல்லாரும். மொதலாளி வந்துருவாரு. திலகா, நீ ஆரம்பி."

திலகா ஓட்டையைத் தடவி ஒயரை மறுபடி மாட்டிக்கொண்டு தூணில் சாய்ந்தாள். சௌமியா வழக்கம்போல அவள் வலது பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். அவள் மூச்சு தோளில் பட்டது. அவள் பார்வை மிஷின்மேல் இருக்கிறது என்று திலகாவுக்குத் தெரிந்தது. வட்டத்தில் காய் உடைகிற சத்தம் தொடங்கிவிட்டது. மருமகள் சொன்ன பொத்தானை அவள் தேடி அழுத்தினாள். அழுத்தாவிட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டுதான் அழுத்தினாள்.

காதுக்குள் பாக்கியமேரி பேசினாள்.

"அத்த, நான்தான். பதறாதீங்க, நிமிந்து பாக்காதீங்க. கண்ணு மிஷின் மேலயே இருக்கட்டும். எனக்குத் தெரியும் அத்த. யாருக்கும் சொல்லல, அவருக்குக்கூட. இதுல இருக்கற கதைய அவரு போன்ல படிச்சிப் பதிஞ்சி ஏத்தியிருக்கேன். ஒரு வரி படிப்பேன், நிறுத்துவேன். அதை நீங்க சொல்லுங்க. நீங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் இடம் விட்டு இருக்கேன். அவசரமே இல்ல."

அப்புறம் கொஞ்ச நேரம் மோட்டார் கொட்டகையில் தண்ணீர் விழுகிற சத்தம். அதற்குப் பின் முதல் வரி.

"இன்னா திலகா?" என்றாள் சிட்டம்மாள்.

திலகா வாயைத் திறந்தாள். "மழை நின்ற பிறகுதான் முதல் பஸ் வந்தது" என்றாள். காதில் அடுத்த வரி வந்தது. "அதிலிருந்து இறங்கியவளுக்குப் போக வேண்டிய தெரு தெரிந்திருந்தது, வீடுதான் தெரியவில்லை."

பக்கத்தில் சௌமியா மிஷினைப் பார்த்தபடி உதடு அசைத்துக் கூடவே படித்துக்கொண்டு வந்தாள். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. மூன்றாவது வரி, நான்காவது வரி. "இப்ப கீழ இருக்கறத அமுக்குங்க அத்த" என்றது காதில் அந்தக் குரல். திலகா அழுத்தினாள். பக்கம் மாறியது. சௌமியா திருப்தியாக ஒரு கை காயை எடுத்து உடைக்க ஆரம்பித்தாள்.

சிட்டம்மாள்தான் முதலில் பார்த்தாள். காயைக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, ஏன் அயுவுற?"

வட்டத்தில் எல்லாக் கைகளும் நின்றன. திலகா முக்காட்டைக் காதோரம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விரலில்லாத கையின் புறங்கையால் முகத்தைத் துடைத்தாள்.

"கத அப்பிடி கீதுக்கா" என்றாள்.

கதையில் அந்தப் பெண் அப்போதுதான் பெட்டிக்கடையில் நின்று வழி கேட்டுக்கொண்டிருந்தாள்.